பற்றைக் காணியும் பரப்புக் கணக்கும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற பேச்சு)

இம்மேடையிலே ஏறுவோர் சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ பேசுவது வழக்கம். அத்தகைய பேச்சுக்கு நம்மிலும் வல்லார் இங்கே பலர் இருக்கின்றனர். எம்மிடம் கேட்கப்பட்டது வேறொன்று. "மூன்று வருடமாக அந்தப் பற்றைக் காணிக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சபையிலே சொல்லுங்கள்" என்றார் தலைவர். ஆகவே இதனைச் சொற்பொழிவு என்பதிலும் கணக்கு ஒப்புவித்தல் என்பதே பொருந்தும். கணக்கென்றால் வரவு மட்டும் வாசித்து முடித்துவிட முடியாது. செலவும் நட்டமும் சேர்த்தே சொல்லவேண்டும். அவற்றில் ஒரு பகுதி எமக்கு நாணத்தைத் தருவது.

காணி வலிகாமம் வடக்கிலே உள்ளது. ஆறு பரப்பு. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே அப்பகுதி மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள் என்பதை இங்குள்ள முதியோருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காணிகள் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்படாதவை இன்றும் உண்டு. நாம் சொல்லும் காணி 2017 ஆம் ஆண்டிலே உரியவரிடம் திரும்பியது. உரியவர் ஓர் ஆச்சி. நலன்புரி நிலையத்திலும் உறவினர் வீடுகளிலுமாக இருபத்தேழு வருடம் கழித்து வந்தவர். பிள்ளைகள் கடல் கடந்திருக்கிறார்கள். கூரையில்லாத வீட்டிற்குத் தகரம் போட்டுக்கொண்டார். தோட்டத்தறையை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயன உரத்திற்குத் தடை வந்தது. அதன் பின்னர் எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, மா இல்லை. அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமையிலே லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலம் அது. அப்பொழுதுதான் சங்கத்திலே பன்னிரண்டு பேர் கூடி, ஆச்சியிடம் சென்று கேட்டோம். அவர் காசு கேட்கவில்லை. "தரிசாய்க் கிடக்கிறதைப் பாக்க ஏலாமல் கிடக்குது மேனை, செய்யுங்கோ" என்றார்.

பரப்புக்கு இருவர் என்று பகிர்ந்துகொண்டோம். இங்கே சிறுவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. பதினாறு பரப்புச் சேர்ந்தது ஓர் ஏக்கர். ஒரு பரப்புப் பத்துப் பேர்ச்; ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இங்கிலாந்திலே உள்ளூராட்சிச் சபைகள் குடிமக்களுக்குத் தோட்டஞ் செய்வதற்கென்று சிறு நிலத்துண்டுகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வழக்கமுண்டு. 1908 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதனை அச்சபைகளின் கடமையாக்கியது. அங்கே ஒரு முழுத் துண்டின் வழக்கமான அளவு பத்து றொட். றொட் என்பதும் பேர்ச் என்பதும் ஒன்றேயாதலால், லண்டனிலே துண்டு வாங்கி வெண்டியும் கீரையும் நாட்டும் எம்மூர்க்காரர் அறியாமலே ஒரு பரப்புக் காணிதான் செய்கிறார்கள்! ஒரு குடும்பம் ஓய்வுநேரத்தில் மண்வெட்டியைக் கொண்டு ஆளக்கூடிய நிலம் இவ்வளவே என்று இரு நாட்டாரும் கண்டிருக்கிறார்கள் போலும். நாமோ ஆறு பரப்பையும் இரண்டே நாளில் ஆளப் புறப்பட்டோம்.

காணி அப்பொழுது இருந்த கோலத்தைச் சொல்லவேண்டும். கிணற்றடி வரை உண்ணிச்செடி ஆளுயரத்திற்கு எழுந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. மேற்கு எல்லையிலே நாகதாளி. இடையிடையே எருக்கலை, நாயுருவி, முழங்கால் உயர வடலிகள். வெயில் விழும் இடமெல்லாம் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பார்ப்பவர்க்குக் கொத்தமல்லித் தோட்டமோ என்ற மயக்கத்தைத் தந்தது. அதற்கும் கீழே, நாம் கவனியாமல் விட்டதாக, கோரை.

ஒன்றை மட்டும் நாம் முதலிலேயே சரியாகச் செய்தோம். மீளக் கிடைத்த காணிக்குள் எவரும் கத்தியோடு நேரே இறங்கிவிடக்கூடாது. நிலக்கண்ணி அகற்றுவோர் அந்த நிலத்தைப் பரிசோதித்து ஒப்படைத்தார்கள் என்பதைக் கிராம அலுவலர் மூலமாக எழுத்தில் உறுதிசெய்த பின்னரே வேலியைத் தாண்டினோம். மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகை அயலிலே கண்டால் அப்பால் ஓர் அடியும் வைக்கலாகாது. பரிசோதித்த நிலத்திலுங்கூட, கொத்தும்பொழுது இன்னதென்று தெரியாத இரும்பு அகப்பட்டால், அதைத் தொடாமல், எடுத்து வீசாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதனால் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

அதன் பிறகு செய்ததுதான் பிழை.

2022 புரட்டாதியிலே, மாரிக்கு முன் எல்லாவற்றையும் வெளிப்பாக்கிவிடவேண்டும் என்ற அவசரம் எம்மைப் பிடித்தது. ஊரெல்லாம் டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த நாளிலே, எங்கெங்கோ அலைந்து டீசல் சேர்த்து, ஒரு பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினோம். இரண்டு நாள். உண்ணியும் நாகதாளியும் வடலியும் வேரோடு சுரண்டப்பட்டு வேலியோரம் மலையாகக் குவிந்தன. குவியலுக்கு நெருப்பு வைத்தோம். மூன்றாம் நாள் காலை காணி பள்ளிக்கூட விளையாட்டு மைதானம் போல வெளித்துக் கிடந்தது. அதிலே நின்று படமும் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் சங்கச் சுவரிலே சில மாதங்கள் தொங்கியது. பின்னர் நாமே கழற்றிவிட்டோம்.

ஆச்சி அன்று பின்னேரம் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் காணியைப் பார்க்கவில்லை, குவியலைத்தான் பார்த்தார்.

"தம்பியவை, மண்ணையெல்லோ அங்கை கொண்டுபோய்க் குவிச்சிருக்கிறியள்!"

உண்மை. எமது செம்மண் சுண்ணாம்புக்கல்லின் மேலே விரித்த போர்வை. சில இடங்களிலே அது ஆழமானது. சில இடங்களிலே ஒரு முழம் வெட்டினாலே கல் தட்டுப்படும். அந்தப் போர்வையிலும் பயிருக்கு உதவுவது மேலே கிடக்கும் ஒரு சாண் மண்ணே. முப்பது வருடத்துக்கும் மேலாக இலை விழுந்து, உக்கி, மண்புழு உழுது வைத்த அந்த ஒரு சாணை, பற்றையோடு சேர்த்து வழித்து எரித்திருந்தோம். உரத்துக்குத் தடை போட்டுவிட்டார்களே என்று முழு வருடமும் குறை சொன்ன நாம், கைக்கெட்டிய உரத்துக்கு நெருப்பு வைத்தோம்.

இரண்டாவது நட்டம் ஐப்பசி மழையோடு தெரிந்தது. மழை விழுந்து பத்தாம் நாள் காணி பச்சையாயிற்று. நாம் விதைத்த பயறு என்று மகிழ்ந்து ஓடிப் பார்த்தால், அத்தனையும் கோரை! கோரையின் உயிர் அதன் கிழங்கிலே இருக்கிறது. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காக, நூலிலே கோத்த மணிபோல் அது ஓடும். கோவை அறாதிருக்கும்பொழுது பெரும்பாலான கிழங்குகள் உறங்கும், ஒன்றிரண்டே முளைக்கும். கோவையை அறுத்துவிட்டால் உறங்கியவையும் விழித்துத் தனித்தனியே முளைக்கத் தொடங்கும். பெக்கோவின் பற்கள் எத்தனை ஆயிரம் கோவைகளை அறுத்தனவோ! "உது புல்லில்லை, கோரை. கொத்தினால் ஒண்டு பத்தாகும், பொறுக்கினால்தான் குறையும்" என்றார் ஆச்சி.

மூன்றாவது நட்டத்தைத்தான் சொல்ல நாணுகிறோம். மேற்கு எல்லையிலே நாகதாளிக்குள் பழைய பூவரசங்கட்டைகள் சில நின்றிருக்கின்றன. பட்டுப்போனவை, பாதி கறையான் தின்றவை. அவை பழைய வேலியின் கதியால்கள். அந்த எல்லைக்கு அங்கே எஞ்சியிருந்த சாட்சி அவை மட்டுந்தான். பெக்கோ அவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. சில மாதங்களின் பின் அயற்காணிக்காரர் வேலி போட வந்தபொழுது எல்லை எங்கே என்ற கேள்வி பிறந்தது. வித்தியாசம் இரண்டு முழம். ஆச்சியும் அவரும் ஒரே முகாமிலே அடுத்தடுத்த கொட்டிலில் இருந்து ஒருவர் வீட்டு அடுப்பிலே மற்றவர் நெருப்பெடுத்தவர்கள். இரண்டு முழத்திற்காக எட்டு மாதம் பேசாமல் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தாரின் வேலிச் சண்டையைப் பற்றி நாம் எல்லாரும் பகிடி சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தச் சண்டையை நாமே உண்டாக்கினோம் என்று அறிந்தபொழுது எவருக்கும் சிரிப்பு வரவில்லை. முடிவிலே சங்கம் செலவை ஏற்று, பழைய உறுதியையும் வரைபடத்தையும் கொண்டு நில அளவையாளர் ஒருவரை அழைத்து எல்லைக்கல் நாட்டுவித்தோம். கிளுவங்கதியாலை இரு வீட்டாரையும் சேர்த்து வைத்தே ஊன்றினோம். இப்பொழுது இருவரும் பேசுகிறார்கள். முன்போலவா என்று கேட்டால் எம்மால் ஆமென்று சொல்ல முடியாது.

ஒரு மூலை மட்டும் தப்பியது. வடகிழக்கிலே ஒரு வேம்பு. அதன் அடியிலே பற்றைக்குள் துருவேறிய சூலம் ஒன்றும் ஒரு கல்லும் இருந்தன. ஆச்சியின் தகப்பனார் காலத்து வைரவர். இயந்திரம் ஓட்டிய தம்பி அதைக் கண்டதும் நிறுத்திவிட்டு இறங்கினார். எவ்வளவு சொல்லியும் அந்தப் பக்கம் திருப்ப மறுத்துவிட்டார். அவருக்கு நாம் இன்றும் நன்றியுடையோம். ஏனெனில் அடுத்த வருடம் அந்த மூலைக்கு அருகே இட்ட கத்தரியும் வழித்தெடுத்த தறையிலே இட்ட கத்தரியும் ஒரே நாற்றுமேடையிலிருந்து வந்தவை என்று சொன்னால் எவரும் நம்பார். மூலைக் கத்தரி இடுப்பளவு வளர்ந்தது. மற்றது சாணுயரத்திலே மஞ்சளித்து நின்றது.

2023 சித்திரையிலே மறுபடி தொடங்கினோம். இம்முறை ஆச்சியே தலைமை. வேம்பின் கீழே கதிரை போட்டுக்கொண்டு இருந்தார். "ஒரு பரப்பைச் செய்யுங்கோ. அதிலை காய் காய்ச்சாப் பிறகு மற்றதைப் பாப்பம்" என்பதே கட்டளை. பன்னிரண்டு பேரும் ஒரே பரப்பில் இறங்கினோம்.

முதலில் வேலி. கட்டாக்காலி மாடுகள் உலாவும் ஊரிலே வேலியில்லாத் தோட்டம் மாட்டுக்கு வைத்த விருந்து. அடுத்தது கிணறு. இத்தனை வருடம் மூடிக் கிடந்த பாழுங்கிணற்றுள் இளைஞர் எவரும் துணிச்சலைக் காட்ட இறங்கவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறோம். நச்சுக்காற்றுக்குக் கண்ணில்லை. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கலாகாது என்பது சரிதான். ஆனால் அணையாது எரிந்தது என்பதனால் மட்டும் ஆபத்தில்லை என்று நம்பவும் முடியாது. பழக்கமுள்ள தொழிலாளரை அமர்த்தி, நீரை இறைத்து, காற்றோட்டஞ் செய்து, இடுப்பிலே கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தியே சேறு எடுத்தோம். எடுத்தவற்றின் பட்டியலை வாசித்தால் விழா நீண்டுவிடும். ஒரு துவிச்சக்கர வண்டியும் இருந்தது என்பதோடு நிறுத்துகிறோம். இறைப்பதிலும் ஓர் அளவு உண்டு. ஆறில்லாத குடாநாட்டிலே கல்லுக்குள் தேங்கிய மழைநீரையே குடிக்கிறோம். நீரிறைக்கும் இயந்திரத்தை நாள் முழுதும் ஓடவிட்டால் உவர் ஏறும்.

பற்றை வெட்டுவதற்கு முன் நீண்ட தடியால் தட்டி ஓசை எழுப்பினோம். உக்கிய கட்டைக்குள் முத்திரைப் புடையன் சுருண்டு கிடப்பதை இருமுறை கண்டோம்; காலுறையும் சப்பாத்தும் இல்லாதவரை ஆச்சி உள்ளே விடவில்லை. கடிபட்டால் கத்தியால் கீறாமல், இறுகக் கட்டாமல், ஆளை அசையவிடாது ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம். 2024 மார்கழியிலே எலிக்காய்ச்சல் எமது மாவட்டத்திலே உயிர்களைக் கொண்டுபோனதை அறிவீர்கள். அதற்குப் பின், வெள்ளம் நின்ற சேற்றிலே வெறுங்காலோடு இறங்குவதையும் விட்டோம்.

ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு வழி. உண்ணியைத் தரையோடு வெட்டினால் போதாது. மண்ணுக்குள்ளே முழங்கை போன்ற ஒரு கட்டை இருக்கும், அதன் கீழே அலவாங்கைக் கொடுத்துக் கிளப்பவேண்டும். விட்டுவிட்டால் முதல் மழைக்கே கொத்தாகத் தளிர்க்கும். நாகதாளியின் மடல் விழுந்த இடமெல்லாம் வேர்விடுமாதலின் ஒரு மடலும் சிந்தாது கடகத்திலே எடுத்துக் குழியிலே புதைத்தோம். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், மழை பெய்து மண் இளகிய நேரத்திலே, கையுறையிட்டு மூக்கையும் மூடிக்கொண்டு வேரோடு பிடுங்கவேண்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கிலே விதை உதிர்க்கும். எம்மில் ஒருவருக்கு அது பட்ட கையெல்லாம் தடித்து ஒரு மாதம் சொறிந்தது. வடலி எம்மை மிகவும் ஏமாற்றியது. ஓலையை வெட்ட வெட்டக் குருத்து மறுபடி வந்தது. இளம்பனையின் முளை மண்ணுக்குள் ஆழத்திலே இருக்கிறது என்பது தோண்டிப் பார்த்த பின்னரே விளங்கிற்று. எல்லையோரத்து வடலிகளை விட்டுவைத்தோம். அவை காற்றுக்கு மறைப்பு, நாளைக்கு ஓலை. பனையோலையைத் தறைக்குள் புதைத்துப் பசளையாக்கும் எம்மவர் முறை எத்தனை பழையது என்று எமக்குத் தெரியாது. ஆச்சி தம் பாட்டனார் செய்யக் கண்டவர்.

கோரைக்கு வருவோம். எமது சங்கத்தார் வருடந்தோறும் கோயில் வீதியிலே உழவாரப் பணி செய்பவர்கள். அப்பர் சுவாமிகள் கையிலே தாங்கிய உழவாரம் வீதியிலே முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. தோட்டத்திலும் அவ்வாறே செதுக்கினால் ஆயிற்று என்று எம்மில் சிலர் வாதித்தனர். செதுக்கிய கோரை நான்கு நாளிலே தலைநீட்டியது! லண்டனிலே துண்டு வைத்திருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியிலே வேறு யோசனை சொன்னார். முன்னவர் கைவிட்டுப் பற்றை மண்டிய துண்டைத்தான் அவருக்கும் கொடுத்தார்களாம். கறுப்புப் படங்கு விரித்து ஒரு வருடம் மூடி வைத்தாராம். புல்லெல்லாம் செத்து மண் வெண்ணெய்போல் ஆயிற்றாம். நாமும் கறுப்புப் பொலித்தீன் வாங்கி விரித்தோம். எமது கோரை அதைத் துளைத்துக்கொண்டு ஊசி ஊசியாக மேலே வந்தது. அந்நாட்டுப் புல் வேறு, இந்நாட்டுக் கோரை வேறு என்று உறவினருக்குப் படம் பிடித்து அனுப்பினோம்.

ஆச்சி சொன்ன வழி மெதுவானது, பலித்தது. சித்திரை, வைகாசி வெயிலிலே ஒரு சாணுக்கு மேல் ஆழமாகக் கொத்திக் கட்டிகளைப் புரட்டி விட்டோம். கட்டியைக் கையால் உடைத்துக் கிழங்கைப் பொறுக்கினோம். கடகம் கடகமாகச் சேர்ந்தது. தப்பியவற்றைச் சோளகக் காற்றும் வெயிலும் உலர்த்தின. ஈரம் வற்றிய கிழங்கு முளைப்பதில்லை. பின் லேசாக நீர் விட்டு, எஞ்சியது முளைக்கப் பார்த்திருந்து, மூன்று கிழமை முதிர விடாது மறுபடி கிளறிப் பொறுக்கினோம்; முதிரவிட்டால் புதுக் கிழங்கு வைக்கும். மூன்று தரம் இப்படிச் செய்த பின் சணலை நெருக்கமாக விதைத்தோம். கோரைக்கு நிழல் ஆகாது. ஆளுயரச் சணலின் கீழே அது வெளிறிப்போயிற்று. பூக்கும் தறுவாயிலே சணலை வெட்டி அப்படியே மண்ணுக்குள் தாழ்த்தோம். அயலிலுள்ளவர்களிடம் பூவரசங்குழையும் காவிளாயும் கேட்டு வாங்கித் தாழ்த்தோம். ஆட்டுப்பட்டி வைத்திருப்பவரை அழைத்து நான்கு இரவு பட்டி அடைக்கச் செய்தோம். வேலியோரக் குவியலிலே எரியாது எஞ்சியிருந்த மண்ணையும் கடகத்தால் சுமந்து திரும்பப் பரப்பினோம். பெக்கோ இரண்டு நாளில் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர எமக்கு இரண்டு மாதம் சென்றது.

அந்த ஒரு பரப்பிலே 2023 மாரிக்குப் பயற்றையும் வெண்டியும் கத்தரியும் ஓரமாக மரவள்ளியும் வைத்தோம். விளைச்சலை நிறுத்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஆச்சி வீட்டுக்கும் அயற்காணிக்காரர் வீட்டுக்கும் காய் போயிற்று. மிஞ்சியதைச் சந்தைக்கு அனுப்பி ஆட்டுப்பட்டிக்கு இருந்த கடனைத் தீர்த்தோம்.

இனிச் சொல்லவேண்டியது பெரியோருக்குச் சற்றுக் கசக்கலாம். அந்தப் பன்னிரண்டு பேரிலே இன்று இங்கே இருப்பவர் ஐவர். நால்வர் வெளிநாடு சென்றனர். ஒருவர் கொழும்பிலே வேலை பெற்றார். இருவரை "படிக்கிற பிள்ளைக்குத் தோட்டம் என்னத்துக்கு" என்று வீட்டார் நிறுத்திவிட்டனர். போனவர்களை நாம் குறை கூறவில்லை. எம்மிலும் விண்ணப்பம் போட்டிருப்பவர் உண்டு. ஆனால் நிலம் இதையெல்லாம் விசாரிப்பதில்லை. 2024 இலே துப்புரவாக்கிய மூன்றாம் பரப்பை, அதற்குரிய இருவரும் போய்விட்டமையால், ஒரு மாரி முழுவதும் எவரும் பாராது விட்டோம். தை மாதம் போய்ப் பார்த்தால் பார்த்தீனியம் பூத்து நின்றது. ஒரு போகத்தின் வேலை போயிற்று. அதன் பின்னரே ஒரு விதி செய்துகொண்டோம்: ஆளில்லாத பரப்பு வெறுந்தறையாகக் கிடக்கலாகாது, உடனே சணலோ பயறோ வீசி மூடவேண்டும், அடுத்த கூட்டத்திலேயே வேறொருவர் பெயருக்கு எழுதவேண்டும். புதிதாக எழுதப்பட்டவர்களிலே மூவர் பெண்பிள்ளைகள். கோரை பொறுக்குவதிலே அவர்களுக்கு இருக்கும் பொறுமை எமக்கு இல்லை என்பதை ஆச்சி எம் முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இன்றைய நிலையிலே நான்கு பரப்புப் பயிரின் கீழ் இருக்கின்றது. ஐந்தாவது வருகிற சித்திரையிலே கொத்தப்படும். ஆறாவது, நாம் சுரண்டி விட்ட பின் மறுபடி தானாகப் பற்றையாகி, உண்ணிக்குள்ளே கௌதாரி முட்டையிடும் இடமாயிருக்கிறது. அதைத் தொடுவதா விடுவதா என்பதை ஆச்சி இன்னும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

ஐந்தாம் பரப்புக்கு ஆள் போதாது. பிக்கான் மூன்று இருக்கின்றது, அலவாங்கு ஒன்று, கடகம் எத்தனை தந்தாலும் ஏற்றுக்கொள்வோம். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த முதற் சனிக்கிழமை, வெயிலேறுமுன், காலை ஆறு மணிக்கு வேம்படியிலே கூடுகிறோம். மண்வெட்டி உள்ளவர் மண்வெட்டியோடு வாருங்கள். பெக்கோ உள்ளவர் வெறுங்கையோடு வாருங்கள்.